கேம் டிஸ்கைச் சுருக்கிச் சேமிக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிளேஸ்டேஷன் சிடிகளைக் கணினியில் ஏற்றி, இடம் மிச்சமாகட்டும் என்று சுருக்கி வைக்கிறவர்கள் பெரும்பாலும் சுருக்குவதற்கு முன்பே தவறிவிடுகிறார்கள். கீறலால் படிக்க முடியாமல்போன பகுதி எது என்று சுருக்கும் மென்பொருளுக்குத் தெரியாது. கிடைத்ததை அப்படியே பொட்டலம் கட்டிவிடும்.

எல்லா சிடியையும் ஐஎஸ்ஓ (.iso) என்ற ஒற்றை இமேஜ் கோப்பாக எடுப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. சிடியில் தரவு செக்டார் எனும் சிறு கூறுகளாக இருக்கும்; ஒவ்வொரு செக்டாரிலும் 2,352 பைட் உண்டு. வழக்கமான ஐஎஸ்ஓவில் 2,048 மட்டுமே சேரும். பிளேஸ்டேஷன் விளையாட்டுகளின் படக்காட்சியும் பேச்சும் பல நேரம் 2,324 பைட் கொள்ளும் வேறுவகைச் செக்டாரில் இருப்பதால் அவை வெட்டுப்பட்டுப் போகும். தனி ஆடியோ டிராக்குகளில் இருக்கும் இசையோ அதில் சேரவே சேராது. 1994-இல் பிளேஸ்டேஷனோடு வந்த ரிட்ஜ் ரேசரில் விளையாட்டு முழுவதும் நினைவகத்தில் ஏறிவிடும்; இசை மட்டும் டிஸ்கிலிருந்து ஒலிக்கும். நடுவில் வேறு பாட்டு சிடியைப் போட்டால் அந்தப் பாட்டோடு பந்தயம் தொடரும். அதன் முதல் டிராக்கை மட்டும் எடுத்து வைத்தால் கார் ஓடும், இசை வராது. சிடி என்றால் தரவு இருக்கும் பின் (.bin) கோப்பு, அதன் டிராக் பட்டியலான க்யூ (.cue) கோப்பு இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.

க்யூ கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். எந்த பின் கோப்பு, எத்தனையாவது டிராக், எங்கே தொடங்குகிறது என்று சில வரிகள்தான் இருக்கும். பின் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு இந்த வரியை மாற்ற மறந்தால் எதுவும் திறக்காது.

ஜிப்பில் அடைத்தால் பெரும்பாலும் முழுவதையும் பிரித்த பிறகே விளையாட முடியும். பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் இயக்கும் மேம் (MAME) திட்டத்திலிருந்து வந்த சிஎச்டி (CHD) என்ற கோப்பு வகை, டிஸ்கைச் சிறு துண்டுகளாகச் சுருக்குவதால் தேவையான துண்டை மட்டும் பிரித்துப் படிக்கலாம். பிளேஸ்டேஷன் 2-இல் சிடியும் உண்டு, டிவிடியும் உண்டு. அடிப்பக்கம் நீலமாக இருந்தால் சிடி. சிஎச்டி கோப்பை உருவாக்கும் சிஎச்டிமேன் (chdman) மென்பொருளில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை. நிண்டெண்டோவின் கேம்கியூப், வீ (Wii) டிஸ்குகளுக்கு, அவற்றின் விளையாட்டுகளைக் கணினியில் இயக்கும் டால்ஃபின் மென்பொருளின் ஆர்விஇசட் (RVZ) கோப்பு வகை நல்லது. மூல இமேஜை ஒரு பைட் பிசகாமல் திரும்பப் பெறலாம். வீ டிஸ்குகளுக்கான இன்னொரு வகையான டபிள்யூபிஎஃப்எஸ் (WBFS) காலி இடத்து நிரப்புத் தரவைக் கழித்துவிடும்.

சிஎச்டிமேனின் சரிபார்ப்பு 'சரி' என்று சொன்னதும் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். சுருக்கிய கோப்பு பழுதில்லை என்றுதான் அதற்குப் பொருள். டிஸ்கிலிருந்து எடுத்தது முழுமையா என்பதை அது சொல்லாது. சுருக்குவதற்கு முன் ஒவ்வொரு டிராக்கின் ஹேஷ் எண்ணையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்), டிஸ்குகளின் சரியான எண்களைத் தொகுத்து வைத்திருக்கும் ரெடம்ப் (Redump) தரவுத்தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும். பொருந்தாவிட்டால் டிஸ்கைத் துடைத்து, வேறு டிரைவில் மறுபடி எடுங்கள். சுருக்கியதை இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் வையுங்கள்.

மூல டிஸ்கையும் கைவிடாதீர்கள். சிடியில் தரவுப் படலம் படம் அச்சிட்ட பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்ய வாய்ப்புண்டு. மேல்பக்கம் உரிந்தால் அந்த இடம் போனதுதான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் உறையிலிட்டு நிமிர்த்தி வையுங்கள்.