எம்பி3-யை வெட்டும்போது ஒலி கெடாமல் இருக்க

கோத்தகிரிப் பக்கம் ஹெத்தை அம்மன் திருவிழாவில் பதிவு செய்த படுகர் பாட்டு ஒன்று எம்பி3 கோப்பாக இருக்கிறது. ஆரம்பத்தில் வரும் ஜீப் சத்தத்தை மட்டும் நறுக்க வேண்டும். உடனே ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, வெட்டி, மறுபடியும் எம்பி3-யாகச் சேமிப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

காதுக்கு எட்டாது என்று கணக்குப் போட்ட பகுதிகளைத் தூக்கி எறிந்துதான் எம்பி3 சுருங்குகிறது. ஆடாசிட்டி அதை விரித்துத் திறக்கிறது. சேமிக்கும்போது மீண்டும் சுருக்குகிறது. பத்து நொடி வெட்டினாலும் பாட்டு முழுவதும் இன்னொரு முறை அந்த இழப்புக்கு ஆளாகிறது. ஒரு தடவையில் பெரிதாகத் தெரியாது. நாலைந்து தடவை ஆனதும் முதலில் கெடுவது பாடுகிறவர் குரல் அல்ல, பின்னணி. தகரக் கூரையில் விழும் மழை, சில்வண்டு, கைதட்டல் போன்ற சீரற்ற இரைச்சல்தான் சுருக்குவதற்கு மிகக் கடினம். சோவென்று கொட்டிய மழை தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் குழறும். மலையில் எடுத்த பதிவில் அது போனால் பாதி அழகு போச்சு.

வெட்ட மட்டும்தான் வேண்டுமென்றால் எம்பி3டைரக்ட்கட் போன்ற மென்பொருள் போதும். எம்பி3 என்பது சின்னச் சின்னச் சட்டங்களின் (ஃப்ரேம், அதாவது ஒலியின் சிறு துண்டு) வரிசை. மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிகிறது என்பது) 44,100 ஹெர்ட்ஸ் உள்ள கோப்பில் ஒரு சட்டம் சுமார் 26 மில்லி நொடி. இந்த மென்பொருள் சட்டங்களின் எல்லையில் வெட்டி, மீதியை அப்படியே நகலெடுக்கும். ஒலி அளவைக் கூட்டிக் குறைப்பதும் இதே வழியில் முடியும், ஆனால் 1.5 டெசிபல் படிகளில்தான்.

128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) கோப்பை 320-க்கு மாற்றினால் தரம் ஏறும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. ஏறுவது கோப்பின் அளவு மட்டும், இரண்டரை மடங்கு.

இரண்டு கோப்புகளை ஒட்டுவதானால் இரண்டின் மாதிரி வீதமும் மோனோ-ஸ்டீரியோ அமைப்பும் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் சில பிளேயர்கள் ஒட்டிய இடத்தில் தடுமாறும்.

காற்றிரைச்சலைக் குறைப்பது போன்ற வேலைக்கு விரித்தே ஆக வேண்டும். சரி, அப்போது எல்லாத் திருத்தத்தையும் சுருக்காத வேவ் (WAV) கோப்பில் செய்யுங்கள். ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும், பிடிக்கட்டும். எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரே ஒரு முறை சுருக்குங்கள். மூல எம்பி3 மேல் மட்டும் எதையும் சேமித்துவிடாதீர்கள்.