பேலட் மூன்று, வாய்க்குள் இருப்பது ஒன்றுதான்

தண்டையார்பேட்டையில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் கைக்குழந்தையோடு ஒரு அம்மா வந்தார். டாக்டர் சீட்டில் ஒரு ஸ்பெல்லிங், மனுவில் வேறு ஸ்பெல்லிங் என்று அவருடைய உதவித்தொகை மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வாங்கிப் பார்த்தால், வாயின் மேற்கூரை பிளந்திருப்பதைச் சொல்லும் ‘க்ளெஃப்ட் பேலட்’ என்ற இடத்தில் பி, ஏ, இரண்டு எல், இ, டி. அது துறைமுக குடோன்களில் சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்ட்டில் தூக்குகிற மரத்தட்டு. வாயின் மேற்கூரையான அண்ணத்துக்கு எழுத வேண்டியது பி, ஏ, எல், ஏ, டி, இ.

கம்ப்யூட்டரின் ஸ்பெல்லிங் சோதனை இதைப் பெரும்பாலும் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள். மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, நடுவில் இ, பிறகு இரண்டு டி, கடைசியில் இன்னொரு இ: ஓவியர் வண்ணம் குழைக்கும் தட்டு, ஃபேன்சி ஸ்டோரில் விற்கும் ஐஷேடோ தட்டும் அதேதான். வண்ணத்தட்டும் மரத்தட்டும் லத்தீனில் மண்வெட்டியைக் குறிக்கும் ‘பாலா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை, வாய்க்குள் இருப்பது ‘பலாட்டும்’ என்ற வேறு லத்தீன் சொல். உச்சரிப்பு மட்டும் மூன்றுக்கும் ஒன்றே. ‘பலேட்’ என்று கடைசியை இழுக்காதீர்கள், பே-வில் அழுத்தி ‘லட்’டைச் சட்டென்று முடியுங்கள்.

சுவையை அறிவது அண்ணம் என்று அந்தக் காலத்தில் நம்பியதால், ஆங்கிலத்தில் வாய்க்குள் இருக்கும் பேலட்டுக்கு ருசி என்றும் பொருள் உண்டு. அதை அப்படியே தமிழாக்கி ‘அவருக்கு நல்ல அண்ணம்’ என்று எழுதினால் யாருக்குப் புரியும்? குழம்பை ஒரு வாய் வைத்ததும் மீன் இன்று காசிமேட்டில் இறங்கியதா, ஐஸில் கிடந்ததா என்று சொல்லும் ஆளை நாம் நாக்கு ருசி தெரிந்தவர் என்போம்.

தமிழில் நடக்கும் தவறு எனக்கு இன்னும் வருத்தம். ‘அன்னப்பிளவு’ என்று எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். அன்னம் சோறு, இல்லையென்றால் பறவை. இது அண்ணம். அண்ணாந்து பார் என்கிறோமே, அதே ‘அண்’, மேல் என்று பொருள். ட, ண இரண்டும் நுனிநாக்கு அண்ணத்தைத் தொடும்போது பிறப்பதாகத் தொல்காப்பியம் சொல்கிறது. ‘அண்ணம்’ என்று ஒரு முறை நிறுத்திச் சொல்லிப் பாருங்கள், நாக்கு மடிந்து அந்த இடத்தையே போய்த் தொடும்.

அப்புறம், உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் ஒன்றல்ல. உதடு நன்றாக இருந்தும் உள்ளே அண்ணம் மட்டும் பிளந்திருக்கலாம். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது அடிக்கடி மூக்கு வழியாக வந்தால், வாயைத் திறந்து அண்ணத்தையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.