மறைக்கல்வி வகுப்பில் யூத இனப்படுகொலையைச் சொல்லித் தருவது எப்படி?

பினாங்கில் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். முதல் வருடம், நாஜிகள் கொன்ற யூதர்களின் எண்ணிக்கையை, '60 லட்சம்' என்று பலகையில் எழுதித் தொடங்கினேன். ஒரு முகத்திலும் அசைவில்லை. அதனால் சொல்கிறேன், எண்ணில் தொடங்காதீர்கள். ஒரு மனிதரில் தொடங்குங்கள்.

நான் சொல்வது பெர்லின் புனித ஹெட்விக் பேராலயக் குரு பெர்ன்ஹார்ட் லிக்டன்பெர்க் கதையை. 1938 நவம்பரில் யூதர்களின் தொழுகைக் கூடங்கள் எரிந்த பிறகு, மாலை வழிபாட்டில் யூதர்களுக்காக வெளிப்படையாக ஜெபித்தார். 1941-இல் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். 1943-இல் டாகாவ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார். சொல்லி முடித்ததும் கேளுங்கள்: "அந்த ஜெபத்தைக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் என்ன பேசியிருப்பார்கள்?" போன மாதம் ஒரு பெண் மெதுவாக, "டீச்சர், நானா இருந்தா பயந்து வேற கோயிலுக்குப் போயிருப்பேன்" என்றாள். அதைத் திருத்தாதீர்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

அப்புறம் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். நல்லவர்களை மட்டும் காட்டினால் அது பொய். ஹிட்லரை ஆதரித்த லுட்விக் முல்லர் 1933-இல் ஜெர்மன் புராட்டஸ்டண்ட் திருச்சபையின் தேசிய ஆயரானார். நாஜிகளை எதிர்த்து 1937-இல் சிறை சென்ற போதகர் மார்ட்டின் நீமோல்லர்கூட ஆரம்பத்தில் நாஜிகளை ஆதரித்தவர்தான்.

முகாம் படங்கள் முதல் வகுப்பில் வேண்டாம்.

முடிந்தால் ஜாலான் சைனல் ஆபிடினில் உள்ள பழைய யூதக் கல்லறைக்கு, முன்கூட்டியே அனுமதி கேட்டு, அழைத்துப் போங்கள். அந்தச் சாலைக்கு முன்பு யாஹுடி (மலாயில் 'யூதர்') என்றே பெயர். பூ வேண்டாம். யூதர்கள் கல்லறைமேல் சின்னக் கல் வைப்பார்கள். ஆளுக்கொன்று எடுத்துவரச் சொல்லுங்கள்.