சொட்டும் இடமும் கசியும் இடமும்: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஆயில் ஒழுகலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுத்தி வைத்த காரின் அடியில் ஆயில் சொட்டியிருப்பதைக் கண்டதும், குனிந்து பார்த்து, ஈரமாகத் தெரியும் சம்ப் (என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) கேஸ்கெட்டை, அதாவது அதன் இணைப்பை அடைக்கும் பட்டையை, மாற்றிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஆயில் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். ஆகவே ராக்கர் கவரின் (என்ஜினின் உச்சியிலுள்ள மூடி) பின்மூலையில் கசிவது, என்ஜின் பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, சம்பின் பின்விளிம்பில் துளியாகத் தொங்கும். நானும் ஒரு சனிக்கிழமை முழுவதும் காருக்கு அடியில் படுத்துச் சம்பைக் கழற்றி மாட்டினேன். மறுவாரம் அதே இடத்தில் அதே துளி. பிறகு ராக்கர் கவரைத் திறந்தபோது, அதன் கார்க் கேஸ்கெட் விரல் பட்டதும் பிஸ்கட் போல உடைந்தது.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவம்) கொண்டு முழுவதும் கழுவி, உலரவிட்டு, சந்தேகமான இணைப்புகளின் மேல் டால்கம் பவுடரைத் தூவி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்ட பின் டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, அங்கிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும். துளியை முகர்ந்தும் பார்க்கலாம். கந்தக நெடி அடித்தால் அது பெரும்பாலும் கியர் ஆயில், என்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒழுகுகிறதே என்று போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்குவது அடுத்த தவறு. அழுத்தம் மிஞ்சினால் கார்க் பிதுங்கி வெடிக்கும். மெல்லிய தகட்டாலான கவரோ போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடும். அப்படிக் குழிந்த விளிம்பைச் சமமான கட்டையின் மேல் வைத்து மெதுவாகத் தட்டி நேராக்காமல் எத்தனை புதுக் கேஸ்கெட் போட்டாலும் பயனில்லை. அலுமினியப் பாகத்தில் அதிகம் இறுக்கினால் மரையே பிய்ந்துவிடும்.

எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் ஒழுகுகிறது என்றால், பெரும்பாலும் யாரும் பிரீதரை, அதாவது என்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழியை, பார்த்திருக்க மாட்டார்கள். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வரும் வாயு வெளியேற வழியில்லாவிட்டால், கிராங்க்கேஸில் (என்ஜினின் கீழ்க்கூட்டில்) அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். ஆகவே பிரீதர் குழாயையும் அதன் கம்பிவலையையும் சுத்தம் செய்வதே முதல் வேலை. அதன் பின்னும், என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருமானால், சிலிண்டர்கள் அழுத்தத்தைத் தாங்குகின்றனவா என்று காட்டும் கம்ப்ரஷன் சோதனை செய்யாமல் சீலில் பணம் போடக்கூடாது.

பின்பக்க மெயின் சீல் (என்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் பின்னால் வெளிவரும் இடத்தை அடைப்பது) விஷயத்தில் என்ஜினின் வடிவமைப்பை அறியாமல் இறங்குவதே பெருந்தவறு. 1962இல் வெளிவந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின், கிராங்க்கை மூன்று பேரிங்குகள் தாங்கும் என்ஜினில் அங்கே ரப்பர் சீலே கிடையாது. கிராங்க்கில் வெட்டிய திருகுமரை, சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். சுழற்சி நின்றதும் அதற்கு வேலை இல்லை என்பதால், நிறுத்திய பின் சில துளி விழுவது இயல்பு. ஆயிலை அளவுக்கு மீறி ஊற்றினால் அது கூடும். அதற்காக என்ஜினை இறக்குவது வீண்செலவு என்பது என் கருத்து. கிளட்ச் நனைந்து வழுக்கத் தொடங்கினால் மட்டுமே அது நியாயம். 1964 இறுதியில் வந்த ஐந்து பேரிங் என்ஜினில் லிப் சீல் (கிராங்க்கைத் தொட்டபடி நிற்கும் ரப்பர் விளிம்புள்ள சீல்) உண்டு. ஆனால் பழைய சீல் உராய்ந்த இடத்தில் கிராங்க்கில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் விழுந்திருந்தால், புதுச் சீலும் ஒழுகும். பள்ளத்தின் மேல் மெல்லிய ஸ்லீவ் (உலோக உறை) ஏற்றியோ, சீலைச் சற்றே தள்ளிப் பொருத்தியோ சரிசெய்யலாம். சீலின் விளிம்பு ஆயில் பக்கம் நோக்கியிருக்க வேண்டும், மாட்டுமுன் அதில் ஆயில் தடவவும் வேண்டும்.

சிலிகான் பசையை அள்ளிப் பூசுவதும் ஆபத்து: உள்ளே பிதுங்கிய பசை உதிர்ந்து, ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். கசிவை நிறுத்தும் திரவங்கள் ரப்பரைச் சற்று உப்ப வைக்குமே தவிர, கார்க்கையும் திருகுமரையையும் ஒன்றும் செய்யா.

துளி தரையில் விழுந்தால் பொறுக்கலாம், ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்து புகைந்தால், சரிசெய்யும்வரை அந்தக் காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது.