கடல் மேல் பழியைப் போடாதீர்கள்: திருகோணமலையின் நீர் வரலாற்றை எழுதுவோருக்கு

திருகோணமலையைப் பற்றி எழுத உட்காரும் பலருக்கு முதல் வரியிலேயே கால் இடறிவிடும்: "பழைய கோணேசர் கோயிலைக் கடல் கொண்டுவிட்டது." கடல் கொள்ளவில்லை. 1620களில் போர்த்துக்கேயர் இடித்தார்கள். கல்லைக் கோட்டை கட்ட எடுத்தார்கள்; இன்னும் கொஞ்சம் மலைக்குக் கீழே கடலில் விழுந்தது. அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது கோட்டை வாசலில் கொஞ்சம் நின்று பாருங்கள். கல்லில் இரட்டை மீன், பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்து. போர்த்துக்கேயரைக் குறிக்கும் 'பறங்கி' என்ற சொல்லை அதில் வாசித்திருக்கிறார்கள். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுழியோடிக் கண்டது மூழ்கிய ஊரை அல்ல, மேலிருந்து விழுந்த கோயிலின் மிச்சங்களை. 'கடற்கோள்' என்று எழுதிவிட்டால், ஆட்கள் செய்த வேலை அலையின் கணக்கில் சேர்ந்துவிடும்.

கந்தளாய்க் குளத்துக்கும் இதே கதிதான். குளம் உடைந்தது என்றதும் 'மாரி மழையில்' என்று கை தானாக எழுதும். உடைந்தது 1986 ஏப்ரல் 20ஆம் திகதி, மாரி ஓய்ந்து எத்தனையோ வாரம் கழித்து. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே கேட்க வேண்டியது குளக்கட்டின் கதையை, வானத்தின் கதையை அல்ல.

அப்புறம் இன்னொரு தவறு, மூதூர், வெருகல் வெள்ளத்துக்கு இந்த ஊர் மழைக்கணக்கை மட்டும் பார்ப்பது. மகாவலி 335 கிலோமீட்டர் ஓடிவந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது. ஒரு கிளை வெருகலாறாகப் பிரிந்து தெற்கே கடலுக்குப் போகிறது. மலைநாட்டில் பெய்ததும் இங்கேதான் வந்து சேரும். இங்கே வெயில் அடிக்கும்போதே வயலில் தண்ணீர் ஏறலாம். மேலே எந்த நீர்த்தேக்கத்தின் வான்கதவை எப்போது திறந்தார்கள் என்று பார்க்காமல் எழுதினால் பாதிக் கதைதான்.

கரை அரிப்பைக் காட்ட டிசம்பரில் எடுத்த ஒரு படம் போதாது. வாடைக்காற்று வீசும் மாரி மாதங்களில் கடல் மணலை அள்ளிப் போகும், கடல் அடங்கிய மாதங்களில் கொஞ்சமாவது திரும்பக் கொண்டுவந்து போடும். ஒரே இடத்தில், ஒரே மாதத்தில், வருடா வருடம் அளக்க வேண்டும்.

கடைசியாக, வயதானவர்களிடம் கேட்கும்போது "அந்தப் புயல்" என்பதை அப்படியே குறித்துக்கொள்ளாதீர்கள். மட்டக்களப்புப் பக்கத்தவருக்கு அது 1978 நவம்பராக இருக்கலாம். இந்த ஊர்க்காரருக்கு 1964 டிசம்பராக, தனுஷ்கோடியை அழித்த அதே புயலாக இருக்கலாம். வருடத்தைக் கேட்டால் தடுமாறுவார்கள். "அப்ப மூத்தவன் பிறந்திட்டானா ஆச்சி?" என்று கேளுங்கள், சரியாகச் சொல்லிவிடுவார்கள்.