ஆட்டோகேடில் ஹேட்ச் போடுவது எப்படி? ஹவுசிங், புஷ் வைத்து ஒரு பயிற்சி

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் டிப்ளமோ முடித்துவிட்டு பெங்களூரு பீன்யாவில் டிராயிங் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்குக் கோடு இழுக்கத் தெரியும், டைமென்ஷன் போடத் தெரியும். செக்‌ஷன் வியூ (பாகத்தை வெட்டி உள்ளே காட்டும் படம்) என்றால் மட்டும் கை தயங்குகிறது. லேத்தில் நிற்கும் டர்னர் எங்கே உலோகம், எங்கே ஓட்டை, எது எந்தப் பாகம் என்று பிரித்துப் பார்ப்பதே ஹேட்ச், அதாவது வெட்டுப்பட்ட இடத்தில் போடும் சாய்கோடுகளை வைத்துத்தான். அவருக்காகப் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டால் பாதி விதிகள் தானாகப் புரியும்.

உதாரணத்துக்கு, வார்ப்பிரும்பு ஹவுசிங்குக்குள் (வெளிக்கூடு) ஒரு கன்மெட்டல் (வெண்கல வகை உலோகம்) புஷ், அதாவது சுழலும் தண்டை (ஷாஃப்ட்) தாங்கும் குழாய். உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ.

முதலில் லேயர்கள், அதாவது கோடுகளை வகை பிரித்து வைக்கும் அடுக்குகள். அவுட்லைனுக்கு 0.5 மி.மீ. தடிமன், ஹேட்ச், சென்டர் லைன், ஹிடன் லைன் மூன்றுக்கும் 0.25. தடித்த கோடு மெல்லிய கோட்டைப்போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். சென்டர் லைன் விட்டு விட்டு வராமல் ஒரே கோடாகத் தெரிந்தால் எல்டிஸ்கேல் (விட்டு விட்டு வரும் கோடுகளின் அளவு) மதிப்பை 0.5 ஆக்கிப் பாருங்கள்.

அடுத்து, சென்டர் லைன் லேயரை அணைத்துவிடுங்கள். அது உலோகப் பகுதியின் குறுக்கே போனால் ஹேட்ச் அங்கேயே நின்றுவிடும்.

இப்போது ஹெச் தட்டி என்டர். பேட்டர்ன் ஏஎன்எஸ்ஐ31, ஆங்கிள் 0, ஸ்கேல் 1. இந்தப் பேட்டர்னே 45 டிகிரி சாய்வுடன்தான் வரும். ஆங்கிளில் மறுபடி 45 கொடுத்தால் கோடுகள் செங்குத்தாக நின்றுவிடும். பிக் பாயின்ட்ஸ் எடுத்து ஹவுசிங்கின் மேல்பகுதி, கீழ்ப்பகுதி இரண்டிலும் ஒரே கட்டளைக்குள் கிளிக் செய்யுங்கள். ஒரே பாகம் என்றால் எல்லா இடத்திலும் ஒரே சாய்வு, ஒரே இடைவெளி. அப்புறம் புஷ்ஷுக்குத் தனியாக ஒரு ஹேட்ச், ஆங்கிள் 90. கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து, இது வேறு பாகம் என்று பார்த்ததும் தெரியும். புஷ்ஷின் சுவர் 7.5 மி.மீ.தான், அதனால் ஸ்கேல் 0.5 வைத்தால் நன்றாக இருக்கும்.

எல்லை மூடவில்லை என்று பிழை வந்தால் பதற வேண்டாம். இடைவெளி உள்ள முனைகளில் சிவப்பு வட்டம் தெரியும். ஜூம் செய்து, ஃபில்லெட் கட்டளையில் ரேடியஸ் 0 கொடுத்து இரண்டு கோடுகளையும் தொட்டால் மூலை சேர்ந்துவிடும். கேப் டாலரன்ஸை (எவ்வளவு இடைவெளியைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்ற அளவு) கூட்டிச் சமாளிக்கும் வழியும் இருக்கிறது. நான் அதை யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஹேட்ச் விழுந்துவிடும், ஆனால் இடைவெளி அப்படியே இருக்கும். அதே கோப்பு நாளை லேசர் கட்டிங்குக்குப் போனால் அங்கே பிரச்சினை கிளம்பும்.

ஷாஃப்ட், போல்ட், கீ (ஷாஃப்டோடு சேர்த்துப் பூட்டும் துண்டு), ரிப் (பலத்துக்கான மெல்லிய விலா) இவற்றை நீளவாக்கில் வெட்டிக் காட்டும்போது ஹேட்ச் போடக் கூடாது. புஷ்ஷுக்குள் ஷாஃப்ட் வரைந்தால் அதை வெறுமையாகவே விடுங்கள்.

கடைசியாகப் பிரின்ட். ஸ்கேல் 1இல் கோடுகளின் இடைவெளி 3.175 மி.மீ. அதையே 1:5 அளவில் அச்சிட்டால் தாளில் 0.6 மி.மீ.க்குச் சுருங்கிக் கறுப்புத் திட்டாகிவிடும். அப்போது ஹேட்ச்எடிட் திறந்து, இரண்டு ஹேட்ச்களின் ஸ்கேலையும் ஐந்து மடங்காக்குங்கள். அணைத்து வைத்த சென்டர் லைன் லேயரைப் போட்டுவிட்டு பிரின்ட் கொடுங்கள்.