ஓட்டு வீட்டு அடுப்படி: கையைக் கடிக்காமல் புதுப்பிக்க

8 அடிக்கு 10 அடி இடம். ஒரு கதவு, ஒரு சன்னல், மூலையில் அங்கணம் (பாத்திரம் கழுவும் தொட்டித் தரை), கரி ஏறிய சுவர், தலைக்கு மேல் சீமை ஓடு. தமிழ்நாட்டுப் பழைய ஓட்டு வீடுகளில் அடுப்படி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். புதுப்பிக்க ஆள் கூப்பிட்டால் முதல் பேச்சே ‘மாடுலர்’ பெட்டிகளைப் பற்றித்தான் வரும். பெட்டி கடைசி வேலை. ஓட்டில் ஒழுக்கு, சுவரில் ஓதம் (கீழிருந்து ஏறும் ஈரம்), சாக்கடையில் எதிர்வாட்டம் (தண்ணீர் திரும்பி வரும் சரிவு) இந்த மூன்றையும் விட்டுவிட்டுப் பலகை அடித்தால், இரண்டு மழைக்குள் பலகை உப்பிக் கரையான் ஏறிவிடும். செலவில் பாதி கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போனால் போகட்டும்.

தை, மாசியில் தொடங்குங்கள். பூச்சைப் பிரித்த சுவர் காய வெயில் வேண்டும். ஐப்பசியில் பிரித்தால் பொங்கல் வரை ஈரம் இருக்கும். வேலை முடியும்வரை சமையலைத் தாழ்வாரத்துக்கோ கொல்லைப்புறத்துக்கோ மாற்றிவிடுங்கள். அடுப்படியிலேயே ஒரு மூலையில் சமைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் கொத்தனாருக்கு தினமும் அரை நாள் வீணாகும். கூலி மட்டும் முழு நாளுக்கு.

தரையில் சாக்பீஸ் கோடு

எதையும் உடைக்கும் முன் மேடை எங்கே வரும் என்று தரையில் முழு அளவில் கோடு போடுங்கள். பிரிட்ஜ் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிப் போட்டு, அதன் கதவு திறக்கும் வட்டத்தையும் வரையுங்கள். மூன்று பக்கமும் மேடை போட ஆசை வரும். 8 அடி அகலத்தில் இரு பக்கமும் 2 அடி போனால் நடுவில் 4 அடிதான் மிச்சம். பிரிட்ஜைத் திறந்தால் இன்னொரு ஆள் கடக்க முடியாது. சன்னல் இருக்கும் 8 அடிச் சுவர் முழுக்க ஒரு மேடை, பக்கச் சுவரில் மூலையிலிருந்து 5 அடி என ‘ட’ வடிவம் போதும்.

அடுப்பு தென்கிழக்கு மூலையில் வரவேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் சண்டை போட வேண்டாம். அடுப்பை நகர்த்தச் செலவில்லை. சிங்க்கை நகர்த்தினால்தான் சாக்கடையும் கூடவே நகர வேண்டும். ஆகவே சிங்க்கைப் பழைய அங்கணத்தை ஒட்டியே வையுங்கள். அடுப்பைச் சன்னலுக்கு நேர் கீழே மட்டும் வைக்காதீர்கள்; காற்றில் தீ அலையும், எரிவாயு வீணாகும்.

ஓடு

மேலேயிருந்து கீழே வருவதுதான் வரிசை. உடைந்த ஓடுகளையும் ஓட்டைத் தாங்கும் உளுத்த ரீப்பர் சட்டங்களையும் முதலில் மாற்றிவிடுங்கள். ஓட்டை நேராக மிதித்தால் ஒன்றை மாற்றப்போய் நான்கு உடையும். பலகை போட்டு அதன் மேல் நடக்கச் சொல்லுங்கள். அப்போதே மேடைக்கு மேலே இரண்டு மூன்று சீமை ஓடுகளை எடுத்துவிட்டு அதே வார்ப்பில் வரும் கண்ணாடி ஓடுகளைப் பொருத்திவிடலாம். பகலில் விளக்கே வேண்டாம். இந்த வேலை முழுவதிலும் குறைந்த செலவில் நிறைய பலன் தருவது இதுதான். முடிந்தால் வடக்குச் சரிவில் வையுங்கள். தெற்கிலும் மேற்கிலும் வைத்தால் வெயில் நேராகத் தலையில் இறங்கும்.

பொய்க்கூரை வேண்டாம். ஓட்டுக்கும் அதற்கும் நடுவில் எலி குடியேறும். ஒழுக்கு எங்கே என்றும் தெரியாது. புகைக்கு, உயரத்தில் சுவரைத் துளைத்து 9 அங்குல எக்ஸாஸ்ட் விசிறி போதும். காற்று எதிர்ப்பக்கத்துக் கதவு வழியாக உள்ளே வர வேண்டும். விசிறியை ஒட்டிய சன்னலைத் திறந்து வைத்தால் அந்தச் சன்னல் காற்றையே அது இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்கும். தாளிக்கும் நெடி அப்படியே நிற்கும்.

ஓதம் ஏறிய சுவர்

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். பழைய சுவர் செங்கலும் சுண்ணாம்பும், சில வீடுகளில் செங்கலும் மண்ணும். அது கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி, சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதன் மேல் சிமெண்டைப் பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். ஆறு மாதத்தில் பெயிண்ட் கொப்புளித்து உப்புப் பூக்கும். ஓதத்தை சிமெண்ட் அடைக்காது, உயர்த்தித்தான் விடும்.

முதலில் வெளிப்பக்கம் பாருங்கள். கொல்லைப்புற மண் உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா என்று கவனியுங்கள். மண்ணை ஒரு சாண் வெட்டி இறக்கி, தண்ணீரைத் தள்ளி விட்டாலே பாதி ஓதம் அடங்கும். உள்ளே, ஈரக்கோட்டுக்கு மேல் 1 அடி வரை பூச்சைப் பிரித்து, செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். குறைந்தது இரண்டு வாரம் காயவிட்டு, 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல் கலவையில் பூசி, மேலே சுண்ணாம்பே அடியுங்கள். டைல்ஸ் ஒட்டப்போகும் 2 அடிப் பட்டைக்கு மட்டும் 1:5 சிமெண்டுப் பூச்சு இருக்கட்டும். அதை ஏழு நாள் நனைக்க வேண்டும்.

பழைய விறகடுப்புக் கரியின் மேல் நேராகப் பெயிண்ட் அடித்தால் மஞ்சளாக ஊறி வெளியே வரும். ஒரு வாளி வெந்நீரில் இரண்டு கைப்பிடி சலவைச் சோடா கரைத்து, கையுறையோடு தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். அதற்கும் போகாத திட்டுகளுக்கு மட்டும் எண்ணெய் பிரைமர் ஒரு கோட்.

தண்ணீரும் சாக்கடையும்

அங்கணத்தை மூடிவிடாதீர்கள். இட்லிக் கொப்பரையும் பெரிய அண்டாவும் எந்த சிங்க்கிலும் அடங்காது. பழைய தளத்தைக் கொத்தி எடுத்து, அடிக்கு 2 நூல் (கால் அங்குலம்) வாட்டம் கொடுத்து, வாய்க்கு நீர் நிற்கும் டிராப் ஒன்று வைத்தால் கரப்பானும் நாற்றமும் நிற்கும். அதே வாட்டம்தான் சிங்க் கழிவுக் குழாய்க்கும். சிங்க்கிலிருந்து வரும் நெளிகுழாயை அப்படியே தரைக்கடியில் புதைப்பது வழக்கமான தவறு: உள்ளே வரிவரியாக இருப்பதால் எண்ணெய்ப் பிசுக்கு பிடித்து அடைக்கும். அதை 2 அங்குல பி.வி.சி. குழாயில் சேர்த்துவிடுங்கள். திரும்பும் இடத்தில் எல்போவுக்குப் பதிலாக, மூடி கழற்றிக் குத்திவிட வசதியுள்ள பெண்டு போடச் சொல்லுங்கள். நீர் வரும் குழாய்க்கு முக்கால் அங்குல சி.பி.வி.சி., குழாய்முனையில் அரை அங்குலம். மேடைக்கடியில் தனி வால்வு ஒன்று அவசியம். வாஷர் மாற்ற வீட்டுத் தண்ணீர் முழுவதையும் நிறுத்த வேண்டியிருக்காது.

பூசி மூடும் முன் குழாய்களில் தண்ணீர் நிரப்பி, முனைகளை அடைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் கசிவில்லை என்றால், டேப்பை நீட்டிப் பிடித்துக் குழாய் போகும் பாதையைப் படம் எடுத்து வையுங்கள். பிறகு அலமாரிக்குத் துளை போடும்போது அந்தப் படம்தான் குழாயைக் காப்பாற்றும்.

மின்சாரம், எரிவாயு

மண்சாந்துச் சுவரில் கம்பி புதைக்கச் சுத்தியலால் காடி (நீளப் பள்ளம்) எடுத்தால் சுற்றியுள்ள செங்கலும் ஆடும். குறுக்குக் காடி சுவரையே பலவீனமாக்கும். சுவருக்கு மேலேயே பி.வி.சி. கேசிங் பட்டை ஓட்டினால் செலவும் குறைவு, பின்னால் பிரிப்பதும் சுலபம். பிரிட்ஜுக்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் தனித்தனி 16 ஆம்பியர் பாயிண்ட், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. மிக்ஸி, கிரைண்டர், வாட்டர் பியூரிஃபையருக்கு 6 ஆம்பியர் மூன்று, 2.5 கம்பி. சுவிட்சுப் பலகை மேடைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், சிங்க்கிலிருந்து 2 அடி தள்ளி இருக்கட்டும். எர்த் கம்பியும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு கண்டதும் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சு) இல்லாமல் ஈரக்கையோடு புழங்கும் அறையில் எந்த வேலையும் முடிந்ததாகாது.

சிலிண்டர் நிமிர்ந்து, அடுப்பைவிடத் தாழ்வாக, தரையில் நிற்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் அறைக்குக் கதவு போட்டால் அடியில் துளை விடுங்கள், தரையோரம் பிளக் பாயிண்ட் வைக்காதீர்கள். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், சுவருக்குள் புதைக்கவும் வேண்டாம். ஐந்து வருடத்தில் மாற்றிவிடுங்கள்.

மேடை

உயரத்தை வீட்டில் அதிகம் சமைப்பவரை நிற்க வைத்துத் தீர்மானியுங்கள், கொத்தனார் வழக்கத்தை வைத்து அல்ல. முழங்கையை மடக்கி நின்றால் முழங்கைக்குக் கீழே 4 அங்குலத்தில் மேடை வர வேண்டும். 5 அடி 2 அங்குல உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய 34, 35 அங்குலம் வரும். மேலே அடுப்பு உட்காரும் என்பதை மறந்து உயர்த்திவிட்டால் குக்கரைக் கிளறத் தோள் வலிக்கும்.

கால்களுக்குக் கடப்பா, மேலே கிரானைட். இதில் மாற்றிச் சிக்கனம் பிடிக்காதீர்கள்: கடப்பா சுண்ணாம்புக்கல் இனம், புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் வெளுத்துவிடும். கீழே நிற்கும் கல்லுக்கு அந்தக் கவலையில்லை. இந்த ‘ட’ வடிவத்துக்கு மேல்பரப்பு 22 சதுர அடி. வெட்டுச் சேதாரத்தோடு 25 வாங்கினால் போதும். கால்கள் இரண்டரை அடிக்கு ஒன்றாக ஆறு, தரைக்குள் 2 அங்குலம் இறங்க வேண்டும். சிலிண்டருக்கான இடத்தில் மட்டும் 18 அங்குல அகலமும் 27 அங்குல உயரமும் தடையில்லாமல் இருக்கட்டும்.

சிங்க்கை முதலில் வாங்கி, கல் கடைக்கே எடுத்துப் போங்கள். 24க்கு 18 அங்குலம், 8 அங்குல ஆழம், 304 வகை ஸ்டீல் போதுமானது. காகித அளவைக் கொடுத்து வெட்டினால் கால் அங்குலம் மாறிவரும். வெட்டிய துளைக்கும் முன்விளிம்புக்கும் நடுவே 3 அங்குலக் கல்லாவது மிஞ்ச வேண்டும். கல் உடைவது எப்போதும் அந்த ஒடுங்கிய இடத்தில்தான். தூக்கும்போது செங்குத்தாகத் தூக்க வேண்டும், தட்டு மாதிரி படுக்கையாக அல்ல. முன்விளிம்பின் அடியில் நீளவாக்கில் ஒரு நூல் காடி கேளுங்கள். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கதவுப் பலகைக்குப் போகாது. அடுப்புப் பக்கம் ரசமட்டம் பார்த்து மட்டமாகவும், சிங்க் பக்கம் நூலளவு வாட்டத்தோடும் கல்லை உட்கார வையுங்கள். மூன்று நாளைக்குக் கல்லின் மேல் கனம் ஏற்ற வேண்டாம்.

டைல்ஸ் கல்லுக்குப் பிறகுதான். கல் விளிம்பின் மேல் டைல்ஸ் உட்கார்ந்தால் இடுக்கில் தண்ணீர் இறங்காது. 13 அடி நீளம், 2 அடி உயரம்: 18க்கு 12 அங்குல டைல்ஸ் படுக்கையாக இரண்டு வரிசை, சேதாரத்தோடு 22. ஒட்டும் பசை 20 கிலோ ஒரு மூட்டை. பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீர் குடிக்காது. வெறும் சிமெண்டில் ஒட்டினால் சில வருடத்தில் தட்டினால் ‘டொக்’ என்று ஓசை வரும், பிறகு கழன்று விழும். அடுப்புக்குப் பின்னாலும் சிங்க்கைச் சுற்றியும் இடுக்கு நிரப்ப எபாக்ஸி, மற்ற இடங்களுக்குச் சாதாரணம் போதும்.

தரை, அலமாரி

பழைய காவித் தரை வெடிக்காமல் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதன் மேல் டைல்ஸ் போட்டால் தரை ஓர் அங்குலம் உயரும். கதவின் அடியை அறுக்க வேண்டும், அங்கணத்தின் வாட்டமும் கெடும். ஆத்தங்குடி டைல்ஸ் கூடத்துக்குத்தான் பொருத்தம். சிமெண்டில் செய்தது என்பதால் புளித்தண்ணீர் கறையாக நிற்கும்.

சுவரிலுள்ள மாடங்களை அடைக்காமல் நடுவில் ஒரு கடப்பாப் பலகை செருகினால் மசாலா டப்பாக்களுக்கு இடமாகிவிடும். பரண் இருந்தால் அதுவே போதும். மேடைக்கடியில் கல்லே தடுப்பாக நிற்பதால் பெட்டி தேவையில்லை, முன்னால் கதவு மட்டும் போடலாம்: அலுமினியச் சட்டத்தில் பி.வி.சி. பலகை. கீல் கல்லில் நேராக நிற்காது. சட்டத்தைப் பிளக் வைத்துத் திருகி, அதில் கீலை மாட்ட வேண்டும். பிளைவுட்தான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை (நீர் தாங்கும் வகை) உள்ளதை மட்டும் எடுத்து, வெட்டிய ஓரங்களையும் மூடச் சொல்லுங்கள்; ஈரம் ஏறுவது அந்த ஓரத்தில்தான்.

கொத்தனாருக்கு மீதித் தொகையைக் கொடுக்கும் முன் சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, டார்ச்சோடு மேடைக்கடியில் பாருங்கள். பாதி நிரப்பிப் பார்த்தால் கசிவு தெரியாது. அடுப்பைப் பொருத்தியதும் ரெகுலேட்டர், குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று கவனியுங்கள். மிஞ்சிய டைல்ஸ் இரண்டை, வாங்கிய பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணோடு, பரணில் போட்டு வையுங்கள். அதே நிறம் அடுத்த வருடம் கடையில் கிடைக்காது.